பட்டறையிலிருந்து பத்திரிகைக்கு
கையால் கத்தி செய்வோரின் பெயர் அச்சேறும் வழி

ரப்பர் மரத்தின் பட்டையில் பாலைத் தாங்கியுள்ள நுண்குழாய்கள், மரத்தின் வளர்படலத்தை ஒட்டிய உட்பகுதியில்தான் மிகுதியாக இருக்கின்றன. அவ்வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயமடையும். புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் சீராக வெட்ட இயலாது. மேலாக வெட்டினாலோ பால் குறையும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை மட்டும் உள்ளே விட்டு, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சரிவில், விடியற்காலை மங்கலொளியில் நிரை நிரையாக மரங்களைச் சீவி முடிப்பது பால்வெட்டுத் தொழிலாளியின் அன்றாடக் கடமை. இத்துணை நுட்பமான வேலையைத் தாங்குவது அவர் கையிலுள்ள ஒரு சிறு கத்தியே.

அக்கத்தி கடையில் வாங்கியதாக இருக்கலாம். ஆயினும் அதன் வாயைத் தீட்டி, பிடியைத் தம் கைக்கு ஏற்பச் செதுக்கி, வளைவு ஒத்துவராவிடில் பட்டறையில் கொடுத்துத் திருத்திக்கொள்வது தோட்டப்புற வழக்கம். புதர் வெட்டும் பாராங், புல்லறுக்கும் அரிவாள், எண்ணெய்ப்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாள், ஆலயத்தில் காவல் தெய்வத்தின் திருமுன் நாட்டப்படும் வீச்சரிவாள் ஆகியவற்றைத் தம் கையாலேயே அடித்துத் தரும் கைவினைஞர்களையும் நாம் அறிவோம். ஊராருக்கு அவர்களைத் தெரியும். ஆனால் அடுத்த ஊருக்குத் தெரியுமா? இருபது ஆண்டுகள் கழித்து அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கேனும் தெரியுமா? ஒருவருடைய பெயரும் வேலையும் ஒரு முறையேனும் அச்சில் ஏறியிருந்தால்தான் இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று விடையளிக்க இயலும். அதற்கான வழிமுறைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சேறிய பெயரும் அச்சேறாத பெயரும்

ரப்பர்த் தொழிலின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்தாமல், முன்பு வெட்டிய காயத்தின் விளிம்பையே மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் ஆராய்ந்து பரப்பினார். தாம் கண்டறிந்தவற்றை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அக்காலத்து வேளாண்மைச் செய்தி இதழில் எழுதி வெளியிட்டார். அதனால் அம்முறை தோட்டம் தோட்டமாகப் பரவியது. அவர் பெயரும் நின்றது.

மெல்லியதாகச் சீவுவதற்குத் தனிவகைக் கத்தி தேவைப்பட்டது. ஆளுக்கொரு வடிவத்தைப் புனைந்தனர். 1906ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நடைபெற்ற ரப்பர்க் கண்காட்சியில் இத்தகைய கத்திகளும் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதே காலத்தில் பேராதனையில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைட் என்பவர் ரப்பர் பயிரைப் பற்றி எழுதிய நூலில், கோலெட்ஜ் கத்தி, போமன்–நார்த்வே கத்தி எனப் பல கத்திகளை அவற்றைப் புனைந்தோரின் பெயராலேயே விளக்கியுள்ளார். மிச்சி–கோலெட்ஜ் என்னும் பெயருடைய கத்தி இலங்கையிலும் கேரளத்திலும் இன்றளவும் வழக்கில் உள்ளது. நம் நாட்டில் பெருவழக்காக இருப்பது ஜெபோங் கத்தி.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். அந்நூலில் இடம்பெற்ற பெயர்கள் பெரும்பாலும் துரைமார்களின் பெயர்கள். உலையருகே நின்று அவ்வடிவங்களை இரும்பில் அடித்துக் காட்டிய கொல்லர்களின் பெயர்களை நாம் அறிய வழியில்லை. தொழிலாளர்கள் கைப்பழக்கத்தால் கண்டு சொன்ன திருத்தங்களும் அவ்வாறே மறைந்துபோயின. அவர்கள் திறமையில் குறைந்தவர் அல்லர். அவர்களுடைய வேலையை எழுதிவைக்க ஆள் இல்லை என்பதே காரணம்.

இன்னும் பழைய சான்றும் உண்டு. தென்னிந்தியாவில் மண்குகைகளில் இரும்பை உருக்கிச் செய்த உருக்கு, பண்டைக்காலத்திலேயே கடல் கடந்து சென்று வாளாக வடிக்கப்பட்டது. தமிழகத்தின் கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஐரோப்பியர் இவ்வுருக்கை ‘ஊட்ஸ்’ என அழைத்தனர். 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். அதன் பின்னர் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்தார். ஆராய்ந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. உருக்கைச் செய்தவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

அச்சேறுவதால் விளையும் பயன்

பத்திரிகையில் பெயர் வருவது வெறும் பெருமைக்கு மட்டும் அன்று. முதலாவதாக, வேலை தேடி வரும். கையால் செய்த நல்ல பாராங்கை விரும்புவோர் நகரங்களிலும் உள்ளனர். தோட்டக்கலையில் ஈடுபாடுடையோர், பழத்தோட்டம் வைத்திருப்போர், ஆலயத் திருப்பணிக் குழுவினர், பழங்கருவிகளைச் சேகரிப்போர் எனப் பலர் இருக்கின்றனர். செய்பவர் எங்கிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவதாக, செய்முறை அழியாமல் நிற்கும். கோலா சிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூரிலும் ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைக்கு மாறிவிட்டது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்களை எடுத்துச் செல்லலாம். உலையையும் அடைகல்லையும் எடுத்துச் செல்வது எளிதன்று. பட்டறை மூடப்பட்டால், எந்தச் சூட்டில் இரும்பை அடிப்பது, எந்த நிறத்தில் தோய்ச்சல் கொடுப்பது என்னும் அறிவும் அதனுடன் மூடப்படும்.

மூன்றாவதாக, அச்சில் வந்தது நூலகத்தில் நிலைக்கும். நம் நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளிக்க வேண்டும் என 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்துள்ளது. 1924ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் நூலகங்களில் பாதுகாக்கப்பட்டுள்ள அதன் பழைய இதழ்களை ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் படிக்கின்றனர். பத்திரிகை நின்றாலும் பக்கம் நிற்கிறது.

பிறநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் கையால் கத்தி செய்வோர் 1970ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1973ஆம் ஆண்டில் கத்திகளுக்கென்றே ‘அமெரிக்கன் பிளேடு’ என்னும் இதழ் தோன்றியது. அதே ஆண்டில் வில்லியம் மோரன் என்னும் கொல்லர், பல அடுக்கு இரும்பை மடித்தடித்து நீரோட்டம் போன்ற கோலம் தோன்றச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்தார். செய்முறையையும் அவர் மறைக்காமல் பிறருக்குத் தெரிவித்தார். மறைந்துகொண்டிருந்த அக்கலை அங்கே புத்துயிர் பெற்றது. 1976ஆம் ஆண்டில் கொல்லர்களுக்கெனத் தனிச் சங்கமும் உருவாயிற்று.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிளந்தானைச் சேர்ந்த நிக் ரஷிடின் நிக் ஹுசேன், கிரிஸ் கத்தியின் பிடியையும் உறையையும் செதுக்குவதில் பெயர் பெற்றவர். அவர் 2002ஆம் ஆண்டில் காலமானார். மலாய் மரச்செதுக்குக் கலையைப் பற்றி 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்பிரிட் ஆஃப் வுட்’ என்னும் ஆங்கில நூலில் அவருடைய வேலைப்பாடுகள் படங்களுடன் இடம்பெற்றன. கை ஓய்ந்த பின்னும் அக்கையின் திறனை உலகம் காண்பதற்கு அந்நூல் துணைசெய்கிறது.

எந்தக் கத்தி செய்தியாகும்?

கொல்லர் தெருவில் ஊசி விற்க முடியாது என்பர். அதுபோல எல்லாரும் செய்யும் கத்தியை எல்லாரும் சொல்லும் சொற்களால் விளக்கினால் ஆசிரியர் அதை ஏற்கமாட்டார். “எங்கள் கத்தி மிக உயர்ந்தது, மிகக் கூர்மையானது” என்பது செய்தி அன்று, விளம்பரம். செய்தியாவது, படிப்பவர் அதுவரை அறியாத ஓர் உண்மை.

எடுத்துக்காட்டாக, இடக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்கென வாயை மாற்றித் தீட்டிய பால்வெட்டுக் கத்தி ஒரு செய்தி. மூட்டுவலியால் விரலை மடக்க இயலாத முதியவருக்காகப் பிடியைப் பருமனாகச் செய்த புல்வெட்டுக் கத்தி ஒரு செய்தி. தோட்டம் மூடப்பட்டபோது கிடைத்த பழைய இயந்திரப் பாகத்திலிருந்து அடித்த பாராங் ஒரு செய்தி. ஆலயத்து அரிவாளைச் செய்யும்போது கொல்லர் குடும்பம் கடைப்பிடிக்கும் விரதமும் ஒரு செய்தியே. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் தேவையும் அதற்குக் கொல்லர் கண்ட வழியும் உள்ளன. ஆகவே எழுதப் புகுமுன், “இக்கத்தி யாருக்காக, எந்தக் குறையைத் தீர்க்கச் செய்யப்பட்டது?” என்று தம்மையே கேட்டுக்கொள்க. விடை ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படம் எடுக்கும் முறை

பத்திரிகை ஆசிரியர் முதலில் பார்ப்பது படத்தையே. இதற்கு விலையுயர்ந்த நிழற்படக் கருவி வேண்டுவதில்லை. நல்ல கைத்தொலைபேசியே போதும். சில விதிகளை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

கத்தியைத் துடைத்துத் துருவையும் விரல்தடத்தையும் நீக்குக. மினுமினுப்புக்காக எண்ணெயை மிகுதியாகப் பூசவேண்டா. நேர்வெயிலில் இரும்பு கண்ணைக் கூசச் செய்யும். ஆதலால் காலை வேளையில் வீட்டு வாசலின் நிழலில், கோலமில்லாத ஒரே நிறத் துணியின்மேல் கத்தியை வைத்து எடுக்க. தொலைபேசியின் மின்னொளியைப் பயன்படுத்தாதிருத்தல் நலம். அருகில் ஓர் அளவுகோலை வைத்தால் கத்தியின் அளவு விளங்கும்.

குறைந்தது ஐந்து படங்கள் தேவை. முழுக்கத்தி ஒன்று, பிடியை நெருங்கி எடுத்தது ஒன்று, வாயின் சரிவு தெரிய ஒன்று, உறையுடன் ஒன்று, செய்தவர் பட்டறையில் வேலை செய்யும் காட்சி ஒன்று. இவற்றுள் கடைசிப் படமே பெரும்பாலும் அச்சேறும். ஏனெனில் வாசகர்கள் இரும்பைவிட மனிதரையே காண விரும்புவர். அப்படத்திற்காகக் கத்தியை ஓங்கிப் பிடித்து நிற்கவேண்டா. அரத்தால் இழைப்பது, சாணையில் தீட்டுவது, பிடியைப் பொருத்துவது போன்ற இயல்பான நிலையே சிறந்தது.

வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கிவிடும்; அச்சில் தெளிவாக விழாது. ஆதலால் ஆவணக் கோப்பாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ மூலப்படத்தையே அனுப்புதல் வேண்டும். அம்முறை விளங்காதவர்கள் பள்ளியில் பயிலும் தம் பிள்ளைகளின் உதவியை நாடலாம்.

விவரக் குறிப்பு

படத்துடன் ஒரு தாளில் விவரக் குறிப்பு இருத்தல் இன்றியமையாதது. கத்தியின் வகை, முழு நீளம், அலகின் நீளம், முதுகின் தடிப்பு, எடை, இரும்பு எங்கிருந்து கிடைத்தது, தோய்ச்சல் கொடுத்த முறை, பிடிக்கும் உறைக்கும் பயன்படுத்திய பொருள், செய்து முடிக்க எடுத்த நாள், விலை, செய்தவர் பெயர், ஊர் ஆகியவை அதில் அடங்கும். மாதிரிக்கு ஒன்று காண்க:

“வகை: புதர் வெட்டும் பாராங். முழு நீளம் 46 செ.மீ.; அலகின் நீளம் 32 செ.மீ. முதுகின் தடிப்பு பிடியருகே 5 மி.மீ.; நுனியருகே 3 மி.மீ. எடை 560 கிராம். பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டையை உலையிலிட்டு அடித்தது. எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, வைக்கோல் நிறம் தோன்றும்வரை மறுபடி மென்சூடு காட்டிப் பதப்படுத்தியது. பிடி மெர்பாவ் மரம், பித்தளைப் பூண். உறை பலகையால் ஆனது, பிரம்பால் கட்டியது. செய்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. வடிகால் ஓரத்துப் புதரை வெட்டும் தொழிலாளி ஒருவர், நுனி கனத்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்று கூறியதனால், நுனியின் தடிப்பைக் குறைத்துச் செய்யப்பட்டது.”

இக்குறிப்பில் புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் படிப்பவர் கொல்லரின் திறமையை நன்கு உணர்கிறார். கடைசி வாக்கியம் ஆசிரியரின் கண்ணில் படும். அதிலிருந்தே அவர் கட்டுரையைத் தொடங்குவார்.

அளவுகளை மதிப்பாகச் சொல்லாமல் அளந்து எழுதுக. இரும்பின் வகை உறுதியாகத் தெரியாவிடில், எதிலிருந்து எடுத்தது என்பதை மட்டும் எழுதுக. “இரும்பையே வெட்டும்”, “ஆயுளுக்கும் தீட்ட வேண்டியதில்லை” என்பன போன்ற கூற்றுகள் நம்பிக்கையைக் கெடுக்கும். அலகைக் கடையில் வாங்கிப் பிடியை மட்டும் தாம் செய்திருந்தால் அதையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். பிறர் வேலையைத் தம் வேலையாகக் காட்டுவோரின் பெயர் ஒரு முறை கெட்டால் மீள்வது அரிது.

எங்கே அனுப்புவது? எப்போது அனுப்புவது?

‘மலேசிய நண்பன்’, ‘மக்கள் ஓசை’, ‘தமிழ் மலர்’ முதலிய தமிழ் ஏடுகளுக்கு எழுதலாம். நாள்தோறும் வரும் செய்திப் பக்கத்தைவிட ஞாயிறு சிறப்புப் பக்கங்களிலேயே இத்தகைய கட்டுரைகளுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. வானொலியின் மின்னல் பண்பலை நிகழ்ச்சிகளையும் கருதலாம். மலாய், ஆங்கில ஏடுகளுக்கு எழுதும்போது, தமிழறிந்த ஆசிரியர் ஒருவரைக்கொண்டு சுருக்கமாக மொழிபெயர்த்து அனுப்புக. தோட்ட முதலாளிகளும் மேலாளர்களும் படிக்கும் ‘தி பிளான்டர்’ போன்ற தொழில்முறை இதழ்கள், கருவியால் வேலை எவ்வாறு எளிதாகிறது என்பதையே நோக்கும்.

ஆயினும் முதற்படியாகச் சிறிய வெளியீடுகளை இகழ்தல் கூடாது. ஆலயத் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை ஆகியவற்றில் வெளிவரும் ஒரு பக்கக் கட்டுரை, பெரிய ஏட்டின் ஆசிரியருக்குக் காட்டத்தக்க சான்றாக அமையும்.

அரசின் துணையும் உண்டு. 1979ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம், உலோக வேலை உள்ளிட்ட கைவினைத் துறைகளை வளர்த்துவருகிறது. அது நடத்தும் தேசியக் கைவினை நாள் விழாவுக்குச் செய்தியாளர்கள் பலர் வருவதுண்டு. வட சிலாங்கூர் மக்களுக்கு அண்மையிலுள்ள ரவாங்கில் தேசியக் கைவினைப் பயிற்சிக் கழகம் அமைந்துள்ளது. கழகத்தின் அலுவலகத்தை அணுகிப் பதிவு, பயிற்சி, கண்காட்சி பற்றிக் கேட்டறிதல் பயன் தரும். அங்கே கிரிஸ் செய்யும் மலாய்க் கைவினைஞரையும் பிற இனத்துக் கொல்லரையும் சந்திக்கும் வாய்ப்பும் கிட்டும். உலையின் மொழி அனைவருக்கும் ஒன்றே.

காலமும் அறிந்து அனுப்ப வேண்டும். மாத இதழ்கள் பல வாரங்களுக்கு முன்னரே ஆயத்தமாகிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் வரும் ஆயுத பூசையை ஒட்டி, கருவிகளைப் பற்றிய கட்டுரைகளை ஆசிரியர்கள் தாமே தேடுவர். ஆகவே ஆடி மாதத்திலேயே கடிதமும் படமும் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைப்பது எளிது. பொங்கல் மலருக்கு எழுதுவோர் தீபாவளிக்கு முன்னரே அனுப்புதல் வேண்டும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். தாம் யார், எவ்வூர், எத்தனை ஆண்டுகளாக இத்தொழில் செய்கிறார், இக்கத்தியைப் பற்றி அறிவதால் வாசகருக்கு என்ன பயன் என்பவற்றைப் பத்து வரிகளில் கூறலாம். ஒரே செய்தியை ஒரே வேளையில் பல ஏடுகளுக்கு அனுப்புதல் தகாது. மூன்று வாரம் பொறுத்து ஒரு முறை பணிவுடன் கேட்கலாம். விடை வராவிடில் வேறோர் ஏட்டுக்கு அனுப்பலாம். மறுப்பு என்பது வேலைக்குக் கிடைத்த இகழ்ச்சி அன்று. அவ்விதழில் அம்மாதம் இடமில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

செய்தியாளர் வரும்போது

பட்டறைக்குச் செய்தியாளர் வருவதாக இருந்தால், அன்று உலை எரியும்படி பார்த்துக்கொள்க. பேச்சைவிட வேலையைக் காட்டுவது நன்று. சிவந்த இரும்பு அடைகல்லில் விழும் ஓசையே பாதிக் கட்டுரையை எழுதிவிடும். வருபவர்களைத் தீப்பொறி படாத தொலைவில் நிறுத்துக. தாமும் கண்ணாடியும் மூடிய காலணியும் அணிந்து வேலை செய்க.

கேள்விகளுக்கு நேராக விடை கூறுக. யாரிடம் தொழில் கற்றார் என்பதை மறவாமல் சொல்லுதல் வேண்டும். தந்தையின் பெயரோ ஆசிரியரின் பெயரோ அச்சில் ஏறுவதற்கு அதுவே ஒரே வாய்ப்பாக அமையக்கூடும். துருத்தி ஊதும் மனைவி, உறைக்குப் பிரம்பு பின்னும் தாய், பிடியை மெருகிடும் மகள் ஆகியோரின் உழைப்பையும் குறிப்பிடுக. தம் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தால் எழுத்துப் பிழை நேராது. தாம் வெளியிட விரும்பாத செய்தியை முதலிலேயே பேசாதிருப்பது நலம்.

சட்டமும் பண்பும்

கத்தி வேலைக்கருவி, ஆயுதமாகவும் மாறக்கூடியது. ஆகவே கத்தி செய்வோருக்குச் சட்ட அறிவு தேவை. அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றி அபாயகர ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றமாகும். விசையை அழுத்தியவுடன் அலகு தானே வெளிப்படும் கத்தி போன்றவற்றைச் செய்வதும் விற்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. பத்திரிகையாளரிடம் காட்டவோ கண்காட்சிக்கோ கத்தியை எடுத்துச் செல்லும்போது, உறையிலிட்டுத் துணியால் சுற்றிக் கட்டி, அழைப்புக் கடிதத்தையும் உடன் வைத்திருத்தல் நன்று.

சண்டைக்கோ மிரட்டலுக்கோ உகந்ததாகக் கத்தியை வருணித்தல் கூடாது. இளைஞர்கள் கத்தியை வீசிக் காட்டும் படங்களை எந்த நல்ல ஏடும் விரும்பாது. அவை கொல்லரின் பெயருக்கும் தோட்ட மக்களின் நற்பெயருக்கும் இழுக்காகும். ஆலயத்து அரிவாளைப் படமெடுக்குமுன் ஆலயப் பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெறுவது முறை.

அச்சேறிய பின்னர்

கட்டுரை வெளிவந்ததும் அப்பக்கத்தை நறுக்கி, ஏட்டின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதிப் பாதுகாக்க வேண்டும். தேதியில்லாத நறுக்கு பிற்காலத்தில் சான்றாகாது. ஒரு படியைப் பள்ளி நூலகத்திற்கும் அளிக்கலாம்.

அடுத்து, தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். இங்கேதான் கவனம் தேவை. மாதம் நான்கு கத்தி செய்யக்கூடியவர் நாற்பது கத்திக்கு முன்பணம் வாங்கினால், கிடைத்த பெயர் அதே வேகத்தில் கெட்டுவிடும். பெயர், கேட்ட வடிவம், ஒப்புக்கொண்ட விலை, தரும் நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி, அவ்வரிசைப்படி செய்து தருக. காத்திருக்க வேண்டும் என்று உண்மையைச் சொன்னால் நல்ல கத்தியை விரும்புவோர் காத்திருப்பர். செய்யும் ஒவ்வொரு கத்தியிலும் பிடியருகே தமக்கென ஒரு சிறு முத்திரையைப் பதித்தல் நன்று. பத்திரிகையில் படித்தவர் கையில் எடுத்துப் பார்க்கும்போது, பெயரும் பொருளும் ஒன்றுசேரும்.

எழுதத் தெரிந்தவர்களின் கடமை

உலையருகே நாளெல்லாம் நிற்பவருக்குப் பேனா பிடிக்க நேரம் இல்லாமல் இருக்கலாம். அப்பணியை அடுத்திருப்பவர் ஏற்கலாம். தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தினர், கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் ஆகியோர் தத்தம் வட்டாரத்தில் இன்றும் பட்டறை வைத்திருக்கும் ஒருவரையேனும் கண்டு, அவர் சொல்வதைக் கேட்டு எழுதுதல் வேண்டும். ஒரு பிற்பகலும், ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும் இதற்குப் போதும். கத்தி தேய்ந்துபோகும், நல்ல கத்தி உழைத்துத் தேய்வதே இயல்பு. அதைச் செய்தவரின் பெயரும் அதனுடன் தேய்ந்துபோகாதிருக்க, இந்த ஆயுத பூசைக்கு முன்னரே முதற்குறிப்பை எழுதத் தொடங்குவோமாக.